ஆம் ஆண்டு விழா

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு வெளியே என் பெயரெழுதிய அட்டையோடு இரண்டு பேர் நின்றார்கள். ஆளுக்கொரு அட்டை. இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது, இருவரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. என்னைப் போலவே இன்னொரு ஸ்டெல்லா மலேசியாவிலிருந்து அதே விமானத்தில் வந்திருக்கிறாள் போலும் என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்த்தேன்.

“வாங்க அம்மணி, பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?” என்றார் மீசைக்காரர்.

“வாங்க அம்மணி, களைச்சுப் போயிருப்பீங்க” என்றார் மீசை இல்லாதவர்.

மீசைக்காரர் சாமுவேல், கொப்பரை வியாபாரி. மற்றவர் தேவராஜ், விசைத்தறி வைத்திருப்பவர். சாமுவேலின் மனைவி ரூபி, தேவராஜின் தங்கை. என்னை அழைத்தது அந்த ரூபிதான். உறவுக்காரர் கல்யாணத்துக்கு மலேசியாவில் எங்கள் ஊரான தைப்பிங் வந்தவர், எங்கள் தேவாலயத்தில் நான் ஆர்கன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, “எங்கூர்லயும் ஒண்ணு இருக்குதுங்க. நெசமான குழல் வச்சது. ஆண்டு விழா வருது, நீங்க வந்து வாசிங்க” என்றார். நான் வாசிப்பது பிளக்கைச் சுவரில் செருகும் மின்சார ஆர்கன். உள்ளே குழலும் கிடையாது, காற்றும் கிடையாது. இத்தனை வருடம் வாசித்தும் நிஜக் குழல் ஆர்கனை நான் தொட்டதில்லை. அதனால் அவர் சொல்லி முடிக்கும் முன்பே சரி என்றுவிட்டேன். எங்கள் சபையார் கேக் வெட்டி, ஜெபித்து அனுப்பினார்கள்.

“நம்ம வண்டியில வாங்க” என்றார் சாமுவேல். “நம்ம வண்டியும் இருக்குதுங்க” என்றார் தேவராஜ். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்கள். கொஞ்ச நேரம் யோசித்து, யாருக்கும் மனக்குறை வராத ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நான் சாமுவேலின் காரில் போவது. என் பெட்டி தேவராஜின் காரில் வருவது.

பெட்டியில்தான் என் இசைத்தாள்கள், பெடல் மிதிக்கும் செருப்பு, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் இருந்தன.

கருமத்தம்பட்டியில் சாமுவேல் டீ குடிக்க நிறுத்தினார். பின்னால் வந்த தேவராஜும் நிறுத்தினார், அடுத்த கடையில். அங்கிருந்து ஒரு தட்டில் தேங்காய் பன் எனக்கு வந்தது. சாமுவேல் பதிலுக்கு அந்தக் கடைக்கு இரண்டு வடை அனுப்பினார். “நீங்க ரெண்டு பேரும் சண்டையா?” என்று கேட்டேன். தைப்பிங்கில் அப்படித்தான் கேட்போம்.

“சேச்சே, சண்டையெல்லாம் இல்லீங்க. பேசிக்கிறதில்ல, அவ்வளவுதானுங்க.”

ஊர் தாராபுரம் போகும் வழியில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே எனக்கு இனி சோறு கிடைக்காது. சாலையின் இரு பக்கமும் தென்னந்தோப்புகள், அவற்றுக்கு மேலே காற்றாலைகள். தைப்பிங்கில் நாங்கள் மழையை நம்பி வாழ்கிறவர்கள். மாலையில் பெய்யாவிட்டால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைப்போம். இங்கே காற்று. காரிலிருந்து இறங்கியதும் என் துப்பட்டா பறந்து ஒரு தறிக்கூடத்தின் ஜன்னலுக்குள் போய்விட்டது. உள்ளிருந்து ஒருவர் அதை நான்காக மடித்துக் கொண்டுவந்து, “உங்களுதுங்களா?” என்று கொடுத்தார்.

இரண்டு வீடுகளும் ஒரே தெருவில் எதிரெதிரே. நான் சாமுவேல் வீட்டில் தங்கினேன், என் பெட்டி தேவராஜ் வீட்டில் தங்கியது. தேவராஜின் மனைவி மகளின் பேறுகாலத்துக்காகச் சென்னையில் இருப்பதால், இரு வீட்டுக்கும் சமையல் ரூபிதான். அண்ணனுக்குத் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடப்பார். திரும்பும்போது என் பெட்டியிலிருந்து நான் கேட்ட ஒரு பொருளோடு வருவார். அன்று சாயங்காலம் சந்தகையும் தேங்காய்ப்பாலும் போட்டார். எங்கள் ஊரில் இடியாப்பம் தட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். இது அவிழ்த்துவிட்ட கூந்தல் மாதிரி இலையெல்லாம் பரவியது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். நான்காவது முறை வேண்டாம் என்றதற்கு, “புடிக்கலீங்களா?” என்று ரூபியின் முகம் வாடியது. சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் தேவாலயம் போனோம். கல் கட்டடம், உயரமான ஓட்டுக் கூரை. வாசலில் ஒரு பெரிய பிளெக்ஸ்: “நமது திருச்சபை ஆர்கனின்        ஆம் ஆண்டு விழா”. எண் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. எதிர் டீக்கடைக்காரர் அதைப் பார்த்தபடியே நின்றிருந்தார். “ஏனுங்க, ஆம்னா ஆமாங்கிறதுதானுங்களே? எதுக்குங்க ஆமாங்கிறாங்க?” என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

உள்ளே பீடத்துக்கு இடப்பக்கம் நின்றது அது. தேக்குச் சட்டத்துக்குள் ஈயநிறக் குழல்கள், நடுவிலிருப்பது ஆள் உயரத்துக்கும் மேல், ஓரங்களில் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒரு பேனா அளவு. சாமுவேல் சட்டைப் பையில் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த சாவியை எடுத்து மூடியைத் திறந்தார். மஞ்சளேறிய தந்தக் கட்டைகள். செருப்பு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு குமிழை இழுத்தேன். இரண்டு கைகளாலும் ஒரு பெரிய சுரக்கூட்டை அழுத்தினேன்.

எதுவும் கேட்கவில்லை.

“சத்தம் வரவில்லையே?”

“வராதுங்க” என்றார் சாமுவேல், மிகவும் பணிவாக. “காத்து மச்சான்கிட்ட இருக்குதுங்க.”

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆர்கன் மிஷனரி காலத்தில் கப்பலிலும் ரயிலிலும் வந்து, கடைசிப் பயணத்தை மாட்டு வண்டிகளில் முடித்தது. வண்டிகளை ஓட்டி வந்தவர் சாமுவேலின் கொள்ளுத் தாத்தா. வந்த பெட்டிகள், உள்ளிருந்த பாகங்களைப் பொருத்தத் தெரிந்தவர் வரும்வரை ஒரு பஞ்சுக் கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்தன. அவர் வந்து பொருத்தியபோது, முதன்முதலாகத் துருத்தியை மிதித்துக் காற்றுக் கொடுத்தவர் தேவராஜின் கொள்ளுத் தாத்தா. ஆக, ஆர்கனின் வயதை எங்கிருந்து எண்ணுவது? இந்தக் கேள்வியில்தான் இருவருக்கும் பேச்சு நின்றிருக்கிறது.

“புள்ள பொறந்த நாளைத்தானுங்க பொறந்த நாளுங்கறோம்? பேச ஆரம்பிச்ச நாளைங்களா?” என்றார் சாமுவேல்.

அதே கேள்வியோடு எதிர்வீட்டுக்குப் போனேன். தேவராஜ் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, “பொண்ணு ஊருக்கு வந்து எறங்கின நாளைக் கல்யாண நாளுன்னு எழுதறமுங்களா அம்மணி? தாலி கட்டின நாளைத்தானுங்க?” என்றார்.

இரண்டுமே எனக்கு நியாயமாகப் பட்டன. அதுதான் சிக்கல்.

போன ஆயர் இவர்களைச் சேர்த்துவைக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். கட்டைகளின் சாவியைச் சாமுவேலிடமும், பின்புறம் காற்று மோட்டார் இருக்கும் அறையின் சாவியைத் தேவராஜிடமும் கொடுத்தார். ஒருவரில்லாமல் ஒருவர் வாசிக்க முடியாது, பேசித்தானே ஆகவேண்டும் என்று கணக்கு. மாறுதல் வந்து அவர் போய்விட்டார். அன்றிலிருந்து ஆர்கன் பேசவில்லை. இப்போதைய ஆயர் வயதில் சின்னவர், இருவரில் யாரைப் பார்த்தாலும் கைகட்டி நிற்பவர். எண்ணைக் காலியாக விட்டு பிளெக்ஸ் அடித்தது அவருடைய யோசனைதான்.

“நீங்களாவது கொஞ்சம் காற்றுக் கொடுக்கக் கூடாதா?” என்றேன் தேவராஜிடம்.

“கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறனுங்க? மாப்ள ஒரு வார்த்தை கேக்கட்டும், போட்டுவிடறனுங்க.”

சாமுவேலிடம் வந்தேன். “கேக்கறதுக்கு என்னங்க. ஆனா காத்துக் குடுங்கன்னு கேட்டா, காத்து வந்த நாள்தான் நாளுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்களே.”

அன்று மாலை தேவராஜ் என்னைத் தனியாக அழைத்துப்போனார். மோட்டார் அறையைத் திறந்து சுவிட்சைப் போட்டார். ஒரு சின்ன உறுமல். பிறகு தேவாலயத்துக்குள் ஏதோ பெரிய பிராணி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்த மாதிரி ஓர் அசைவு. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டைகளின் மூடி பூட்டியிருந்தது.

“கேட்டுக்குங்க அம்மணி” என்றார் தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டு. “இதுதானுங்க ஆர்கன். மத்ததெல்லாம் பட்டன்.”

அடுத்த நாளிலிருந்து காலையில் சத்தமில்லாமல் சாதகம் செய்தேன். சாமுவேல் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். முடித்ததும், “நல்லா இருக்குதுங்க. ரெண்டாவது இன்னும் நல்லா இருந்துச்சு” என்றார். தைப்பிங்கிலிருந்து வாட்ஸப்பில் கேட்டார்கள்: “நிஜ ஆர்கன் எப்படி இருக்கிறது?” “மிகவும் அமைதியாக இருக்கிறது” என்று பதில் போட்டேன். கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன.

அன்று வதங்கிய என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாமுவேல், “கொடுமுடியில ஒரு சோலி இருக்குது, ஆத்தைப் பாத்துட்டு வந்துரலாம் வாங்க” என்றார். காவிரியில் தண்ணீர் நிறையவே போனது. படித்துறையில் துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு அம்மா, எந்த ஊர், என்ன வேலையாக வந்தேன் என்று விசாரித்தார். ஆர்கன் வாசிக்க என்றேன்.

“ஆர்மோனியப் பொட்டி மாதிரிங்களா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான். ரொம்பப் பெரியது.”

“அதுக்கு மலேசியாவுலருந்தா வரோணும்? எங்க மாமனே நல்லா வாசிப்பாரே. சொல்லி உடட்டுங்களா?”

திரும்பும்போது கார் நின்றுவிட்டது. சாமுவேல் பானெட்டைத் திறந்து பார்த்து, அதையும் பணிவாக மூடினார். கடைசியில் தேங்காய் ஏற்றிப்போன ஒரு குட்டி யானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி, எங்களை ஏற்றிக்கொண்டது. முன்னால் ஒருவருக்குத்தான் இடம். நீங்கள் உட்காருங்கள் என்று சாமுவேல், நீங்கள் உட்காருங்கள் என்று நான். விவாதம் நீண்டதால் ஓட்டுநர் சலித்துப்போய், “ரெண்டு பேரும் பின்னால ஏறுங்க” என்றுவிட்டார். தேங்காய்களின் மேல் உட்கார்ந்து வந்தோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் இருந்த தேங்காய் என்னைவிட்டுப் போய் வேறொரு தேங்காய் வந்தது. வழியெல்லாம் காற்று முகத்தில் அறைந்தது. இந்த நாட்டுக் காற்றில் ஒரு படி அளவு அந்தக் குழல்களுக்குள் போனால் போதுமே என்று நினைத்தபோது, எனக்கு நிஜமாகவே அழுகை முட்டியது.

வந்ததும் அடுப்படியில் ரூபியிடம் கோபித்துக்கொண்டேன். “ஏன் முன்னாடியே சொல்லவில்லை?”

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?” வெந்த கொள்ளுப் பயறை மத்தால் கடைந்தபடியே கேட்டார்.

“இரண்டு பேர் சட்டையையும் நீங்கள்தானே துவைக்கிறீர்கள். சாவியை எடுத்து ஒருநாள் திறந்துவிட்டால் என்ன?”

“எடுக்கலாமுங்க. எத்தனையோ நாளு கையில வச்சுப் பாத்திருக்கறேன். தெறக்கறது பெருசில்லீங்க. அவங்க பேசோணும். என் கல்யாணத்துக்கு முன்னால ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல சுத்துனவங்க. இப்ப நடுவுல நான் போசியத் தூக்கிட்டு அலையறேன்.” கடைவதை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தார். “எங்கண்ணன் அங்க தனியா உக்காந்து திங்கறதப் பாக்க முடியலீங்க.”

அதற்குமேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

விழா நாள் வந்தது. சாயங்காலத்துக்குள் தேவாலயம் நிறைந்துவிட்டது. எல்லாத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு மூன்றாவது வரிசையில் இருந்தார். சாமுவேல் மூடியைத் திறந்துவைத்துவிட்டு முதல் வரிசையில் வலப்பக்கம் உட்கார்ந்தார். தேவராஜ் முதல் வரிசையில் இடப்பக்கம், மோட்டார் அறைச் சாவியைக் கையில் பிடித்தபடி. “நீங்க போயி உக்காருங்க அம்மணி, கூட்டத்தைப் பாத்தா அவரே எந்திரிச்சுப் போவாரு” என்றார் சாமுவேல். “உக்காருங்க அம்மணி, கூட்டத்தைப் பாத்தா அவரே வந்து கேப்பாரு” என்றார் தேவராஜ்.

உட்கார்ந்தேன். யாரும் எழவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆயர் என்னைப் பார்த்தார், முதல் வரிசையைப் பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொன்னார்: “முதலாவதாக, ஓர் அமைதியான பாடல்.”

எனக்குள் ஏதோ அறுந்தது. கடல் தாண்டி வந்திருக்கிறேன். ஊரே உட்கார்ந்திருக்கிறது. வாசித்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் தயார் செய்திருந்த ஜெர்மானிய இசையை முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை, கையும் காலும் ஒன்று விடாமல், சத்தமில்லாமல் வாசித்தேன். கட்டைகள் அமுங்கி எழும் டக்டக் சத்தம் மட்டும் தறிக்கூடத்தில் கேட்பது போல் கேட்டது. ஊர்க்காரர்கள் கடைசிவரை அசையாமல் கேட்டார்கள். இருமல் வந்த ஒருவர் வெளியே போய் இருமிவிட்டு வந்தார். நான் கைகளை எடுத்ததும், கூரை அதிரக் கைதட்டினார்கள்.

நான் திரும்பி வணக்கம் சொன்னேன். வேறென்ன செய்ய? தேவராஜின் முகம் மட்டும் சுண்டிப் போயிருந்தது.

“அடுத்ததும் அமைதியான பாட்டுங்களா?” என்று யாரோ ஆவலாகக் கேட்டார். கோபத்தில் நான் எல்லாக் குமிழ்களையும் ஒன்றுவிடாமல் வெளியே இழுத்தேன். எப்படியும் கேட்கப்போவதில்லை. இரண்டாவது பாடலைத் தொடங்கினேன். நாலைந்து வரி போயிருக்கும். பின்பக்கக் கதவு படாரென்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. கீழே எங்கோ ஓர் உறுமல்.

அடுத்த கணம் என் விரல்களுக்கடியில் உலகம் வெடித்தது.

மின்சார ஆர்கனின் சத்தம் எதிரிலிருக்கும் பெட்டியிலிருந்து வரும். இது நான் உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து முதுகெலும்பு வழியாக ஏறியது. குழல்களிலிருந்து வருடக்கணக்கான தூசி புகையாய்ப் பறந்தது. குளவிக் கூட்டு மண் உதிர்ந்தது. ஒரு பல்லி இசைத்தாளின் மேல் விழுந்து, எனக்கு முன்பாகவே அடுத்த பக்கம் ஓடியது. கூரைப் புறாக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறின. நான் நிறுத்தவில்லை. நிறுத்த எனக்கு மனமும் இல்லை. அழுதீர்களா என்று ரூபி பிறகு கேட்டார். தூசி என்றேன். தூசியும்தான்.

முடித்துக் கையை எடுத்தேன். ஆர்கன் நிற்கவில்லை. ஒரு கட்டை, அமுங்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டு விடாமல் கத்தியது. நகத்தால் நெம்பினேன், தட்டினேன். உள்ளே காற்றழுத்தம் இருக்கும்வரை அது எழாது. ஆயர் காதைப் பொத்திக்கொண்டார். “காற்றை நிறுத்தச் சொல்லுங்கள்!” என்று கத்தினேன். யார் போய்ச் சொல்வது என்று எல்லோரும் சாமுவேலைப் பார்த்தார்கள்.

சாமுவேல் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கவாசல் வழியாக ஓடினார். நான் இருந்த இடத்திலிருந்து மோட்டார் அறையின் ஜன்னல் தெரிந்தது.

“மச்சான்! காத்தை நிறுத்துங்க மச்சான்!”

உள்ளிருந்து தேவராஜ் தலையை நீட்டினார். “காத்தில்லாமயே கை தட்டிப்போட்டாங்க மாப்ள! பாத்துட்டு எப்படி உக்காந்திருக்கறது? காத்தே வேண்டாம்னு ஊரு நெனச்சுப்போடுமல்ல?”

“அதெல்லாம் நெனைக்க மாட்டாங்க, நிறுத்துங்க!”

சத்தம் நின்றது. கட்டையை நெம்பி விடுவித்தேன். மேற்கொண்டு வாசிக்க வேண்டுமே! சாமுவேல் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மச்சான்… காத்துப் போடுங்க.”

ஜன்னலுக்குள் தேவராஜின் தலை மறைந்தது. பிறகு உறுமல் கேட்டது.

அந்தக் கட்டை மூன்றாவது பாட்டிலும் மாட்டியது, நான்காவதிலும் மாட்டியது. ஒவ்வொரு முறையும் பக்கவாசலில் நின்று “நிறுத்துங்க மச்சான்!” என்பதும், நான் நெம்பியதும் “போடுங்க மச்சான்!” என்பதும் சாமுவேலின் வேலை ஆனது. போகப்போகப் பேச்சு சுருங்கி, கடைசியில் கையை வீசி, “போலாம் ரைட்!” என்று பஸ் கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்தார். ஜன்னலுக்குள் தேவராஜ் சிரிப்பது கேட்டது. கூட்டமும் சிரித்தது. ரூபி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லோரும் எழுந்து நன்றிப் பாட்டுப் பாடினார்கள். அதில் அந்தக் கட்டை மாட்டவில்லை. சாமுவேலுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம். வாசலில் தயாராக நின்றுகொண்டே இருந்தார்.

விழா முடிந்து வளாகத்தில் பந்தி. அரிசிம்பருப்பு சாதம், கோழி வறுவல், ஒப்புட்டு. நான் பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மில் தூசி போகக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பந்தல் துணிக்கு அந்தப் பக்கம் இருவர் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

“மூணாவது பாட்டுல அம்மணி ரெண்டு எடத்துல தடுமாறிப்போட்டாங்க, கவனிச்சீங்களா மாப்ள?”

“கவனிச்சனுங்க மச்சான். கால் கட்டையில. சொல்ல வேண்டாம்னு இருந்தேன்.”

“சொல்லாதீங்க, பாவம், மனசு சங்கடப்படும்.”

“அடுத்த வருசத்துக்கு வேற யாராச்சும் பாக்கலாமுங்களா?”

“பாக்கலாம் மாப்ள. நல்ல ஆளா ரெண்டு பேருமாப் போயி விசாரிச்சுட்டு வந்துரலாம்.”

தடுமாறியது மூன்று இடத்தில். ஒன்று அவர்கள் காதுக்குத் தப்பியிருக்கிறது. நான் சொம்பை டிரம்மில் இரண்டு முறை தட்டிச் சத்தமெழுப்பிவிட்டு, துணியை விலக்கிக்கொண்டு போனேன். இருவரும் சட்டென்று எழுந்து நின்றார்கள்.

“அருமைங்க அம்மணி! இப்படி ஒரு வாசிப்பு இந்த ஊருல ஆரும் கேட்டதில்லீங்க” என்றார் சாமுவேல்.

“அடுத்த வருசமும் நீங்கதான் வரோணும்” என்றார் தேவராஜ். “வேற ஆளை நாங்க நெனைக்கவே மாட்டமுங்க.”

“கண்டிப்பாக வருகிறேன்” என்றேன். இத்தனை நாள் அந்த ஊர்ச் சோறு தின்றதற்கு அவ்வளவாவது கற்றுக்கொள்ள வேண்டாமா?